தசமபாகம்: கொடுப்பவர் கணக்கும் வாங்குபவர் கணக்கும்

அறுப்பின் பண்டிகை அறிவிப்பு வரும்போதும், ஆண்டு முடிவில் சந்தா பாக்கிப் பட்டியல் தயாராகும்போதும் மதுரைப் பக்கத்துச் சபைகளில் ஒரே கேள்விதான் எழும். வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுத்தே ஆக வேண்டுமா? வாட்ஸ்அப்பில் இதற்கு இரண்டு விடைகள் சுற்றுகின்றன. கொடுக்காதவன் தேவனை வஞ்சிக்கிறான், அவன் வீட்டில் பணம் தங்காது என்பது ஒன்று. அது யூதருக்குக் கொடுத்த சட்டம், சிலுவையோடு முடிந்துவிட்டது, ஒரு ரூபாயும் தர வேண்டாம் என்பது மற்றொன்று.

இரண்டு தரப்பும் அதே நாலைந்து வசனங்களைத்தான் எடுத்துப் பேசுகின்றன. இரண்டுமே கொடுப்பவரைப் பற்றி மட்டும் பேசுகின்றன. வேதத்தின் தசமபாகச் சட்டத்தை முழுதாகப் படித்தால், எவ்வளவு கொடுப்பது என்பது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. யார் வாங்குவது, யாருக்குப் பங்கிடுவது, எந்த ஆண்டில் எங்கே கொண்டுபோவது என்பதற்குத்தான் பத்தி பத்தியாக இடம் தரப்பட்டிருக்கிறது. அந்தப் பகுதி பிரசங்கங்களில் அதிகம் வருவதில்லை.

எது தசமபாகம், எது இல்லை

சபைக்குக் கொடுக்கிற எல்லாப் பணத்தையும் தசமபாகம் என்று சொல்வதிலிருந்தே பாதிக் குழப்பம் தொடங்குகிறது. பிரித்துப் பார்ப்போம்.

1. தசமபாகம்: வரும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. கத்தோலிக்கர் 'பத்தில் ஒரு பங்கு' என்பார்கள்.
2. காணிக்கை: ஆராதனையில் பையிலோ உண்டியலிலோ போடுவது. அளவு கிடையாது.
3. முதற்பலன்: முதல் விளைச்சல், முதல் ஈற்று, முதல் சம்பளம்.
4. பொருத்தனை: ஒரு காரியம் கைகூடினால் தருவதாக நேர்ந்துகொண்டது.
5. ஸ்தோத்திரக் காணிக்கை: பிறந்தநாள், திருமண நாள், சுகம் கிடைத்ததற்கு நன்றி என்று தருவது.
6. சந்தா: சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற சபைகளில் உறுப்பினர் மாதாமாதமோ ஆண்டுக்கோ கட்டுவது. சபைத் தேர்தலில் ஓட்டுரிமை பற்றிய பேச்சு இதோடு ஒட்டியே வரும்.
7. தலைக்கட்டு வரி: கிராமத்துக் கோயில்களில் திருவிழாவுக்கென்று குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிப்பது. இது ஊர்ப் பொதுச் செலவு. இதைத் தசமபாகத்தில் சேர்ப்பதும் கழிப்பதும் அவரவர் மனச்சாட்சி.

உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு, வாரக் கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவரும் பிடி அரிசிக் காணிக்கையும் உண்டு. கையில் காசே புழங்காத வீட்டுப் பெண்களும் கொடுக்க முடிந்த ஒரே வழியாக அது இருந்தது. சதவீதக் கணக்கில் அது எங்கும் வராது. ஆனாலும் பல கிராமச் சபைகள் அதில்தான் எழுந்து நின்றன.

பழைய ஏற்பாட்டில் தசமபாகம் எப்படி இயங்கியது

மோசே வழியாக வந்த நியாயப்பிரமாணத்துக்கு முன்பே இரண்டு இடங்களில் இது வருகிறது. போரில் மீட்ட பொருளில் பத்தில் ஒன்றை ஆபிராம், சாலேம் ராஜாவான மெல்கிசேதேக்குக்குக் கொடுக்கிறார் (ஆதியாகமம் 14). பெத்தேலில் யாக்கோபு, தான் பத்திரமாகத் திரும்பி வந்தால் பத்தில் ஒன்று செலுத்துவதாக நேர்ந்துகொள்கிறார் (ஆதியாகமம் 28). ஒன்று ஒரே தடவை தந்தது, மற்றது பொருத்தனை. மாதாமாதம் என்ற ஏற்பாடு இரண்டிலும் இல்லை.

சட்டமாக வரும்போது இப்படி:

1. எதில் கொடுப்பது? நிலத்தின் தானியம், மரத்தின் கனி, ஆடு மாடு (லேவியராகமம் 27). தானியத்துக்குப் பதில் பணமாகத் தர விரும்பினால் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். 100 ரூபாய் பெறும் தானியத்துக்கு 120. கால்நடைக்கு இந்தச் சலுகை கிடையாது.

2. ஆட்டை எப்படி எண்ணுவது? பட்டியிலிருந்து கோலின்கீழ் ஒவ்வொன்றாகக் கடத்தும்போது பத்தாவதாக வருவது கர்த்தருக்கு. நல்லதா நோஞ்சானா என்று பார்த்து மாற்றக் கூடாது. பத்தாவதுதான் போகும் என்பதால், 9 குட்டி மட்டும் உள்ளவன் எதுவும் தர வேண்டியிருக்காது. 19 உள்ளவன் ஒன்று தருவான். இல்லாதவனுக்கு விலக்கு சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

3. யாருக்கு? லேவியருக்கு (எண்ணாகமம் 18). மற்றக் கோத்திரங்களுக்குக் கிடைத்ததுபோல அவர்களுக்கு விளைநிலப் பங்கு கிடைக்கவில்லை. ஆசரிப்புக் கூடார வேலைக்கு அதுவே கூலி. அந்த லேவியரும் தாங்கள் வாங்கியதில் பத்தில் ஒன்றை ஆசாரியருக்குத் தர வேண்டும். வாங்குகிறவரும் கொடுக்கக் கடமைப்பட்டவர்தான்.

4. குடும்பத்தோடு சாப்பிட. உபாகமம் 14, தசமபாகத்தை ஆலயம் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் அங்கே வீட்டாரோடு சேர்ந்து உண்டு மகிழச் சொல்கிறது. தூரம் அதிகமென்றால் விற்றுக் காசாக்கி, அங்கே போய் ஆடு, மாடு, திராட்சரசம், மதுபானம் என்று மனம் விரும்பியதை வாங்கலாம். இந்த வசனத்தைக் காணிக்கைப் பிரசங்கங்களில் கேட்பது அரிது.

5. மூன்றாம் ஆண்டு வேறு வழி. ஒவ்வொரு மூன்றாம் ஆண்டும் தசமபாகம் அவரவர் ஊர் வாசலிலேயே வைக்கப்படும். லேவியர், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை ஆகியோர் வந்து உண்டு திருப்தியடைய வேண்டும் (உபாகமம் 14:28, 29, 26:12).

இவையெல்லாம் ஒரே பத்து சதவீதமா, இரண்டா, மூன்றா என்பதில் கருத்து வேறுபாடு பழையது. யூத ரபிமார் இரண்டாகக் கணக்கிட்டார்கள். 100 மரக்கால் விளைந்தால் லேவியருக்கு 10. மீதி 90இல் பத்தில் ஒன்றான 9, ஏழாண்டுச் சுற்றில் 1, 2, 4, 5ஆம் ஆண்டுகளில் எருசலேமில் உண்ண. 3, 6ஆம் ஆண்டுகளில் ஏழைக்கு. ஏழாம் ஆண்டு நிலம் தரிசு, தசமபாகம் இல்லை. ஆக, விதைக்கும் ஆண்டில் 19. முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஜொசிபஸ், மூன்றாம் ஆண்டில் மூன்றாவது தசமபாகம் ஒன்றும் உண்டு என்று எழுதுகிறார். 'பத்து சதவீதம் வேதம் சொல்வது' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது இந்தச் சிக்கல் எதையும் பார்க்காமல் சொல்வது.

ரபிமார் கணக்கை வைத்தே இன்னொன்றையும் பார்க்கலாம். ஆறு ஆண்டுகளில் லேவியருக்கு 60, பண்டிகை உணவுக்கு 36, ஏழைக்கு 18. மொத்தம் 114. அதில் ஏழைக்கென்றே ஒதுங்கியது ஆறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. வேதத்தின்படி வாங்குகிறோம் என்று சொல்லும் சபை, வேதத்தின்படி செலவழிக்கிறதா என்று பார்க்க இது ஓர் அளவுகோல். ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் சேரும் சபையில் ஏறத்தாழ 95,000 ரூபாய் விதவைகள், அநாதைப் பிள்ளைகள், வெளியூர்க் கூலிகள் பக்கம் போயிருக்க வேண்டும்.

மல்கியா 3: யாரிடம், எப்போது சொன்னது

'தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள்' என்ற வசனம்தான் (3:10) இந்த விவாதத்தின் மையம். கி.மு. 5ஆம் நூற்றாண்டு, பாரசீக ஆட்சி. அக்காலத்து நிலைமையை நெகேமியா புத்தகம் விவரமாகத் தருகிறது. ராஜாவுக்குத் தீர்வை கட்டவே ஜனங்கள் நிலத்தையும் திராட்சத் தோட்டத்தையும் அடகு வைத்துக் கடன் வாங்கினார்கள் (நெகேமியா 5). லேவியருக்குப் பங்கு வராததால் அவர்கள் ஆலய வேலையை விட்டுத் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போனார்கள் (13:10).

பங்கு வராமல் போனது கொடுப்பவர் கையிலிருந்து மட்டுமா? தசமபாகத் தானியமும் எண்ணெயும் வைக்க வேண்டிய பெரிய அறையை எலியாசிப் என்ற ஆசாரியர், தன் சம்பந்தக்காரரான தொபியாவுக்குத் தங்கக் கொடுத்துவிட்டிருந்தார். ஆளுநரான நெகேமியா வந்து தொபியாவின் தட்டுமுட்டுச் சாமான்களை வெளியே எறிந்து, அறையைச் சுத்தம் செய்யச் சொல்கிறார். அதன்பிறகு ஜனங்கள் தசமபாகம் கொண்டுவருகிறார்கள். உடனே பொக்கிஷ அறைகளுக்கு ஓர் ஆசாரியர், ஒரு வேதபாரகர், ஒரு லேவியர், அவர்களுக்குக் கைத்துணையாக இன்னொருவர் என்று நால்வரை நியமிக்கிறார். சகோதரருக்குப் பங்கிடுவது அவர்கள் வேலை. வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் அறை காலியானது, பிறகு தானியம் வந்தது, வந்ததைக் காக்க ஒருவர் கையில் விடாமல் நால்வர் வந்தார்கள்.

மல்கியாவிலேயே 2ஆம் அதிகாரம் ஆசாரியர்களை நேராக அழைத்துக் கண்டிக்கிறது. 3:10க்கு ஐந்து வசனம் முன்னால், கூலிக்காரனின் கூலியைப் பிடித்துக்கொள்பவனையும் விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குபவனையும் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. வீட்டு வேலைக்காரிக்கு இரண்டு மாதச் சம்பளப் பாக்கி வைத்துவிட்டுச் சரியாகப் பத்து சதவீதம் கட்டுகிறவருக்கு அந்த ஐந்தாம் வசனம் முதலில் பொருந்தும்.

'பட்சித்துப்போடுகிறதைக் கண்டிப்பேன்' என்ற 11ஆம் வசனம் நிலத்தின் கனியையும் திராட்சக்கொடியையும் பற்றியது. பயிர்ப் பூச்சி, வெட்டுக்கிளி என்று வாசிப்பதே அந்த இடத்துக்குப் பொருத்தம். இதை எடுத்துக்கொண்டு, 'கொடுக்காததால்தான் ஆஸ்பத்திரிச் செலவு வந்தது' என்று நோயாளியின் படுக்கையருகே சொல்வது வசனத்தில் இல்லாததைச் சொல்வது. பண்டசாலை என்றால் உள்ளூர்ச் சபைதான் என்பதும் வியாக்கியானமே. எருசலேம் ஆலயத்தின் தானிய அறை அது.

புதிய ஏற்பாடு என்ன சொல்கிறது

இயேசு தசமபாகத்தைக் குறிப்பிடும் இடங்கள் மிகக் குறைவு. ஒற்தலாம் (புதினா), வெந்தயம், சீரகம் வரை எண்ணித் தசமபாகம் செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்ட பரிசேயரைக் கண்டிக்கிறார் (மத்தேயு 23:23, லூக்கா 11:42). இதையும் செய்ய வேண்டும், அதையும் விடக்கூடாது என்கிறார். கட்டாயம் என்பவர்கள் பிடித்துக்கொள்வது இந்தக் கடைசி வரியை. ஆலயம் நின்றிருந்த காலத்தில், நியாயப்பிரமாணத்துக்குக் கீழிருந்த யூதரிடம் சொன்னது என்பது மறுப்பவர்களின் பதில். லூக்கா 18இல் வரும் பரிசேயன் சம்பாத்தியத்திலெல்லாம் தசமபாகம் செலுத்துவதாகச் சொல்லியும் நீதிமானாக்கப்படாமல் வீடு திரும்புகிறான்.

எபிரெயர் 7 மெல்கிசேதேக்கைப் பற்றிப் பேசும்போது தசமபாகத்தைச் சொல்கிறது. ஆனால் அங்கே வாதம் கிறிஸ்துவின் ஆசாரியத்துவம் லேவியருடையதைவிட மேலானது என்பதே. சபைக்கு இவ்வளவு கொடு என்ற கட்டளை அதில் இல்லை.

யூதரல்லாத புறஜாதிச் சபைகளுக்கு எருசலேமிலிருந்து போன கடிதத்திலும் (அப்போஸ்தலர் 15) தசமபாகம் இல்லை. பவுல் தரும் முறை வேறு: வாரத்தின் முதல் நாளில் அவனவன் வரவுக்குத் தக்கதாக ஒதுக்கிவைப்பது (1 கொரிந்தியர் 16:2), விசனமாயும் அல்ல, கட்டாயமாயும் அல்ல (2 கொரிந்தியர் 9:7), இல்லாததற்கு அல்ல, உள்ளதற்குத் தக்கபடி (8:12). அதோடு, சுவிசேஷத்தை அறிவிப்பவர்களுக்கு அதனாலே பிழைப்பு உண்டு என்பதையும் உறுதியாகச் சொல்கிறார் (1 கொரிந்தியர் 9:14). தசமபாகம் கட்டாயமில்லை என்று விடுபட்டவருக்குப் போதகரின் சோற்றைப் பற்றிய பொறுப்பு விடுபடவில்லை.

எங்கள் முடிவு இது. கிறிஸ்தவனுக்குப் பத்து சதவீதம் சட்டமாக விதிக்கப்படவில்லை. ஆனால் தன் கொடுத்தலை அளந்து பார்க்க நல்ல தொடக்க அளவு. மாதம் 20 லட்சம் வருபவருக்கு அது மிகக் குறைவாகவும், நூறு நாள் வேலைக் கூலியில் மூன்று பிள்ளைகளை வளர்ப்பவருக்கு மிக அதிகமாகவும் இருக்கலாம்.

சட்டமாகி, வரியாகி, ஒழிந்த கதை

ஐரோப்பாவில் இது விருப்பக் கொடையாக நிற்கவில்லை. 585இல் கூடிய இரண்டாம் மாக்கோன் சங்கம், தராதவரைச் சபையிலிருந்து விலக்கலாம் என்றது. 779இல் சார்லமேன் அரசாணையாக்கினார். அதன்பிறகு ஆயிரம் ஆண்டு, வைக்கோல் போரில் பத்தாவது கட்டு கோயிலுக்கு என்று வசூல் நடந்தது. பிரான்சில் 1789 புரட்சியில் ஒழிக்கப்பட்டது. இங்கிலாந்தில் 1836 சட்டம் அதைப் பணமாக மாற்றியது. செலவைக் கழிக்காமல் மொத்த விளைச்சலில் எடுப்பதால் நிலத்தை மேம்படுத்த நினைப்பவனுக்கு இது தடை என்று ஆடம் ஸ்மித் 1776இலேயே எழுதினார். அந்த வாதம் கீழே மல்லிகைக் கணக்கில் மறுபடி வரும்.

மதுரையில் 1834இல் அமெரிக்கன் மிஷன் தொடங்கிய காலத்தில் பள்ளி, மருத்துவமனை, ஊழியர் சம்பளம் ஆகியவற்றில் பெரும்பகுதி கடல் கடந்து வந்த காணிக்கையில் நடந்தது. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின் பொறுப்பு மெல்ல உள்ளூர்க்காரர் தோளுக்கு வந்தது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப்போலப் பல மடங்குக்குப் போவது வேடிக்கைக்காக மட்டுமல்ல. ஆயர் சம்பளத்தில் அதுவும் சேரும்.

இன்று சபைக்குச் சபை எப்படி

கத்தோலிக்கத் திருச்சபை சதவீதம் எதையும் விதிப்பதில்லை. திருச்சபையின் தேவைகளுக்கு உதவ வேண்டும் என்ற கடமை மட்டும் திருச்சபைச் சட்டம் 222இல் இருக்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் பங்கு மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை வேறு மூன்று உண்டு. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் (537). குறிப்பிட்ட நோக்கத்துக்குத் தந்ததை அதற்கே செலவிட வேண்டும் (1267). மக்கள் தந்ததற்கு மக்களிடம் கணக்குக் காட்ட வேண்டும் (1287). ஏழை என்பதால் திருவருட்சாதனம் மறுக்கப்படலாகாது (848) என்பதும் சேர்த்து.

சி.எஸ்.ஐ.யில் சந்தாவும் காணிக்கையும் சேகரத்தில் (பக்கத்துச் சபைகள் சேர்ந்த வட்டாரம்) சேர்ந்து, ஒரு பகுதி திருமண்டலத்துக்குப் (பேராயரின் ஆளுகைக்குட்பட்ட பகுதி) போகிறது. ஆயரின் சம்பளம் ஒரே சபையின் கைப்பணத்தை நம்பி இருப்பதில்லை. கிராமச் சேகரத்துக்குப் போகும் ஆயருக்கு இது பெரிய பாதுகாப்பு.

பெந்தெகொஸ்தே சபைகளிலும் தனிச் சபைகளிலும் தசமபாகப் போதனை அழுத்தமாக இருப்பதற்குக் காரணம் உபதேசம் மட்டுமல்ல. திருமங்கலத்திலோ உசிலம்பட்டியிலோ வாடகைக் கட்டடத்தில் நாற்பது பேரோடு நடக்கும் சபையில், வாடகை, கரண்ட் பில், போதகர் வீட்டு அரிசி எல்லாம் அந்த உறையிலிருந்துதான் வர வேண்டும். அட்வென்டிஸ்ட் சபை தசமபாகத்தை ஊழியர் பராமரிப்புக்கென்றே ஒதுக்கி மேலமைப்புக்கு அனுப்புகிறது. கட்டடச் செலவுக்கு வேறு காணிக்கை.

கணக்குப் போடுவது எப்படி

கொடுப்பதென்று முடிவெடுத்தவர்களுக்கு அடுத்த சிக்கல், எதில் பத்து என்பது.

1. மாதச் சம்பளம். சம்பளம் 30,000, பி.எஃப். பிடித்தம் 1,800, கையில் 28,200 என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் என்றால் 3,000, கையில் வருவதில் என்றால் 2,820. இரண்டும் நேர்மையான முறைகளே. தவறு நடப்பது பின்னால். மாதாமாதம் மொத்தத்தில் கொடுத்தவர், ஓய்வின்போது பி.எஃப். கைக்கு வந்ததும் முழுத் தொகைக்கும் மறுபடி பத்து எடுத்தால், தன் பங்குக்கு இரண்டு தடவை கொடுத்தவராகிறார். அவர் பார்க்க வேண்டியது நிறுவனத்தின் பங்கையும் வட்டியையும் மட்டும். கையில் வருவதில் கொடுத்தவர் முழுத் தொகைக்கும் கணக்குப் பார்க்கலாம்.

2. மல்லிகை விவசாயி. ஒரு மாதத்தில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் 60,000 ரூபாய்க்குப் பூ விற்றது. பறிப்புக் கூலி, உரம், மருந்து, கமிஷன், வண்டிச் செலவு 38,000. மிச்சம் 22,000. விற்ற தொகையில் எடுத்தால் 6,000. மிச்சத்தில் எடுத்தால் 2,200. முதல் கணக்கில் அவர் உண்மையில் மிச்சத்தின் 27 சதவீதத்தைக் கொடுக்கிறார். லேவியராகமம் மொத்த விளைச்சலைத்தானே சொல்கிறது என்று கேட்கலாம். அக்கால விவசாயி எடுத்துவைத்த விதையை விதைத்து, வீட்டு ஆளும் மாடும் உழைத்து அறுத்தான். உரத்துக்கும் மருந்துக்கும் கடையில் பணம் கட்டவில்லை. இன்றைய மொத்த விற்பனையில் பாதிக்கு மேல், உரக்கடைக்காரர் பணமும் பறிப்புக்கு வந்தவர் கூலியும்தான். எனவே செலவு போகப் பார்ப்பதே நியாயம். பனி மாதங்களில் பூ குறைந்து விலை ஏறும், கோடையில் பூ குவிந்து விலை விழும். மாதக் கணக்கு போட்டால் நட்ட மாதத்தில் கடன் வாங்கிக் கொடுக்க நேரும். ஆண்டுக் கணக்கு நல்லது.

3. ஆடு, கோழி. ஆண்டு முழுதும் குட்டிகளை எண்ணி, பத்தாவது வரும்போது கொடுப்பது பழைய முறை. விற்ற பணத்தில் தீவனம், மருந்து போகப் பார்ப்பது இன்றைய முறை. இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டாம்.

4. கடன் வருமானமல்ல. நகைக்கடன், குழுக்கடன், பயிர்க்கடன் எதிலும் தசமபாகம் இல்லை. திருப்பித் தர வேண்டிய பணம் அது.

5. ஏலச்சீட்டு. சீட்டு எடுத்ததும் வரும் தொகையில், இதுவரை கட்டியது உங்கள் சேமிப்பு. மீதி இனிமேல் கட்டப்போகும் கடன். சீட்டு முடிந்தபின் கட்டியதைவிட அதிகமாகப் பெற்றிருந்தால் அந்த அதிகம்தான் வருமானம்.

6. மொய். கல்யாணத்தில் இரண்டு லட்சம் மொய் விழுந்ததென்றால் 20,000 எடுத்துவைக்கச் சொல்பவர்கள் உண்டு. இந்தப் பக்கத்தில் மொய் என்பது நோட்டில் எழுதி, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டிய செய்முறை. அதைக் கடன் வரிசையில்தான் வைக்க வேண்டும். மனமுவந்து ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்பது வேறு.

7. நிலம், நகை விற்றது. வாங்கிய விலையும் பதிவுச் செலவும் போக, லாபத்தில் மட்டும்.

8. தனி வருமானம் இல்லாத மனைவி. கணவருக்குத் தெரியாமல் வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுப்பது பல வீடுகளில் சண்டையில் முடிந்திருக்கிறது. சபை அதை ஊக்கப்படுத்தக் கூடாது. பிடி அரிசி இருக்கிறது.

எங்கே கெட்டுப்போகிறது

முதலாவது, பெற்றோர். தாய் தகப்பனுக்குத் தர வேண்டியதைக் 'கொர்பான்' என்று சொல்லித் தேவனுக்கு ஒதுக்கிவிட்டதாகக் காட்டியவர்களை இயேசு நேரடியாகக் கண்டித்தார் (மாற்கு 7). மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அம்மா மாத்திரைக்குக் கஷ்டப்பட, மகன் நகரத்துச் சபையில் தசமபாகத்தில் முதல் ஆளாக நின்றால் அதே கண்டனம்தான்.

இரண்டாவது, மீட்டர் வட்டிக்கு வாங்கிக் கொடுப்பது. நூற்றுமடங்கு திரும்பும் என்ற நம்பிக்கையில் வாரவட்டிக்குப் பணம் எடுத்து விதைக் காணிக்கை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மல்கியா 3:10இல் வரும் 'சோதித்துப்பாருங்கள்' விளைச்சலைக் குறித்த வாக்கு. கந்துவட்டிக்காரருக்குப் பதில் சொல்லும் ஜாமீன் கையெழுத்து அல்ல.

மூன்றாவது, பெயர்ப் பட்டியல். யார் எவ்வளவு என்று ஒலிபெருக்கியில் வாசிப்பதும், அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும் மனுஷர் காணும்படி தர்மம் செய்யாதீர்கள் என்னும் மத்தேயு 6இன் தொடக்கத்துக்கு நேர் எதிர். ஒருவருக்கு ரசீது தருவது கணக்கு. எல்லாருக்கும் படித்துக் காட்டுவது வேறு.

நான்காவது, அடக்க ஆராதனை. பாக்கி வைத்தவர் வீட்டுச் சாவில், பாக்கியைக் கட்டினால்தான் ஜெபம் என்று வாசலில் பேரம் நடப்பது. எந்தச் சபை விதியைக் காட்டினாலும் இதற்கு வேத ஆதாரம் கிடையாது.

வாங்கியவர் செய்ய வேண்டியது

பவுல் எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்தபோது தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட அனுப்பினார், இந்தப் பணத்தைக் குறித்து ஒருவரும் குற்றம் சொல்லக் கூடாது என்று காரணமும் எழுதினார் (2 கொரிந்தியர் 8). சிறிய சபையும் இதைச் செய்யலாம்:

1. ஆராதனை முடிந்த உடனே, அதே அறையில், மூன்று பேர் எண்ண வேண்டும். ஒரே குடும்பத்தவராக இருக்கக் கூடாது. எண்ணுபவர் வேறு, பொருளாளர் வேறு.
2. உறைகளையும் சில்லறைக் காணிக்கையையும் தனித்தனியாக எண்ணி, 500 எத்தனை, 200 எத்தனை, 100 எத்தனை என்று தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட வேண்டும்.
3. அந்தப் பணத்திலிருந்தே பூக்காரருக்கோ சவுண்ட் சர்வீஸுக்கோ எடுத்துக் கொடுக்கக் கூடாது. முழுத்தொகையும் அடுத்த வேலை நாளில் வங்கிக்குப் போக வேண்டும். செலவு வவுச்சர் போட்டுத் தனியாக. கணக்குக் குழம்புவது பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான்.
4. வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம். கெட்டுப்போன ரசீதைக் கிழித்து எறியாமல் குறுக்கே கோடிட்டு வைத்திருக்க வேண்டும்.
5. க்யூஆர் அட்டையில் வரும் பெயர் சபையின் வங்கிக் கணக்காக இருக்க வேண்டும். போதகர் அல்லது அவர் மனைவியின் எண்ணாக இருந்தால், நல்ல மனிதரும் சந்தேகத்துக்கு ஆளாவார். போதகரின் ஜீவனத்துக்கு ஒரு மாதத் தொகையைத் தீர்மானித்து அவர் கணக்குக்கு மாற்றிவிடுவது அவருக்கே நல்லது.
6. கட்டட நிதி, மிஷனரி நிதி, ஏழைகள் நிதி மூன்றும் தனித்தனிப் பேரேட்டுப் பக்கங்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்று வேண்டாம். திருப்பி வைத்ததாகச் சரித்திரம் குறைவு.
7. ஆண்டுக்கொரு முறை வெளி ஆடிட்டர். சபைக் கூட்டத்தில் வாசிப்பு. வாசிக்கும்போது மொத்த வரவையும் செலவையும் மட்டும் சொல்லாமல், விதவைகளுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கும் போனது எவ்வளவு என்று தனி வரியாகச் சொல்ல வேண்டும்.

வரிச்சலுகையும் வெளிநாட்டுப் பணமும்

தசமபாக ரசீதைக் கொடுத்து வருமான வரியில் கழிவு கேட்டு ஏமாறுபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு அறப்பணி நிறுவனங்களுக்கானது. மதக் காரியத்துக்கென்றே இருக்கும் சபைக்குத் தரும் வாராந்தரக் காணிக்கைக்கு அது பொதுவாகப் பொருந்தாது. சபையோடு தொடர்புடைய மருத்துவமனை அல்லது பள்ளி அறக்கட்டளை தனியாக 80ஜி பெற்றிருந்தால், அதற்குத் தந்ததற்குக் கழிவு கிடைக்கலாம். ஆனால் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் கிடைக்காது, நிறுவனம் தரும் நன்கொடைச் சான்று (1961 சட்டத்தில் 10பிஇ படிவம்) வேண்டும், புதிய வரிமுறையைத் தேர்ந்தவருக்கு இந்தக் கழிவே இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டமே நடைமுறை என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ரசீதில் பழைய எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளைகள் ஊர்ச் சபைக்கு அனுப்பும் தசமபாகத்தில் ஒரு வேறுபாடு முக்கியம். அனுப்புபவர் இந்தியக் குடிமகனாக, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து, முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. சபை அவருடைய பாஸ்போர்ட் நகலைக் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது. அவர் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டிருந்தால், ஓசிஐ (வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினர்) அட்டை வைத்திருந்தாலும், ரூபாயாகவே தந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டின் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறை) சட்டப்படி பதிவு இல்லாத சபை அதை வாங்கக் கூடாது. பதிவு உள்ள சபையும், 2020 திருத்தத்துக்குப் பிறகு, புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள குறித்த கணக்கில்தான் வாங்க முடியும். அப்படிப்பட்ட உறவினர் விடுமுறைக்கு ஊருக்கு வந்து ஞாயிற்றுக்கிழமை உறையில் பெரிய தொகை வைத்தால், பொருளாளர் வாங்கி ரசீது எழுதுமுன் குடியுரிமையைக் கேட்டுவிட வேண்டும்.